முதல் நாவலுக்குப் பின்: மலையக எழுத்தாளர் அடுத்து எதை எழுதுவது?

மலையக நாவல்களை வெளியான ஆண்டுப்படி அலுமாரியில் அடுக்கினால் ஒரே எழுத்தாளரின் பெயர் அடுத்தடுத்து வருவது அபூர்வம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. நந்தியின் ‘மலைக்கொழுந்து’ம் ஏறத்தாழ அதே காலம். தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974, கே.ஆர்.டேவிட்டின் ‘வரலாறு அவளைத் தோற்றுவிட்டது’ 1976, புலோலியூர் க.சதாசிவத்தின் ‘மூட்டத்தினுள்ளே’ 1983. எல்லாம் பேசப்பட்ட நூல்கள். மலையக இலக்கியம் பற்றி யார் ஆய்வு செய்தாலும் தாண்டிப் போக முடியாதவை. ஆனால் தோட்டத்தை வைத்து முதல் நாவலை எழுதிவிட்டு, சூடு ஆறுமுன் இரண்டாவதை எழுதி, மூன்றாவதற்கும் போனவர் என்று சொல்லத்தக்கவர்கள் மிகக் குறைவு. சிறுகதையில் இந்தப் பஞ்சம் இல்லை. கவிதையில் கேட்கவே வேண்டாம். நாவலில்தான் ஒரு புத்தகத்தோடு நின்றுவிடும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது.

காரணம் கேட்டால் வழமையான பதில்கள் வரும். நேரமில்லை, காசில்லை, போட ஆளில்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் அதே நேரமின்மையிலும் காசின்மையிலும்தான் அந்த முதல் நாவலும் எழுதப்பட்டது. ஆகவே விடையை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது: அந்த முதல் புத்தகத்துக்குள்ளேயே.

நானுஓயாவிலோ தலவாக்கலையிலோ ஒரு நாவல் வெளியாகும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எழுதியவர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர். மண்டபத்தில் மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை. நகரத்துக் கடை முதலாளி ஒருவர் முதற்பிரதி வாங்குவார்; கவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அச்சகக் கடனில் ஒரு பங்கு அதில்தான் அடைபடும். பிறகு சிறப்புப் பிரதிகள். வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியல் சில வேளைகளில் ஆய்வுரையைவிட நீளமாக இருக்கும். எல்லாம் முடிந்து தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கும்போது பெரியவர் ஒருவர் வந்து தோளில் தட்டுவார்: “சேர், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நம்ம சனம் பட்ட பாடு முழுசா வரலையே. அடுத்ததுல எல்லாத்தையும் எழுதிப் போடுங்க.”

‘எல்லாத்தையும்’ என்ற கோரிக்கையில் அன்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. எழுதுகிறவனின் கையைக் கட்டிப்போடுவதும் அதுதான். ஏனென்றால் அவர் முதல் நாவலிலேயே எல்லாவற்றையும் எழுத முயன்றிருப்பார். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்து வந்த பாட்டனில் தொடங்கி, கோப்பி அழிந்து தேயிலை வந்தது, பெரிய கங்காணியின் துண்டு, பிரட்டுக்களம், துரையின் குதிரை, 1948இல் பறிபோன பிரஜாவுரிமை, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், தலைமன்னார்க் கப்பல், 1977, 1983 கலவரங்கள் என்று மூன்று தலைமுறையையும் முந்நூறு பக்கத்துக்குள் இறக்கியிருப்பார். அதன் பிறகு கையில் என்ன மிஞ்சும்?

சி.வி.வேலுப்பிள்ளையிலிருந்து தொடங்கலாம். வட்டகொடைக்கு அருகே மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களில் தலவாக்கலை அவருடையது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதன் பின்னாலேயே வாக்குரிமையும் போனது. தன்னைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனத்தில் பெரும்பகுதி வாக்காளர் பட்டியலிலிருந்து காணாமல் போனதைக் கண்ணால் பார்த்த எழுத்தாளர் அவர். அதற்கடுத்து என்ன எழுதினார்? 1950களின் முற்பகுதியில் தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது சக்தீ பால ஐயாவின் கைவண்ணத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ ஆகித் தமிழ் வாசகருக்கு வந்து சேர்ந்தது. பிறகு தமிழுக்குத் திரும்பிப் பத்திரிகைத் தொடர்களாக நாவல்கள் எழுதினார். ‘வீடற்றவன்’ தொடராக வந்து பல ஆண்டுகள் கழித்து 1981இல்தான் நூலானது. 1983இல் நாட்டார் பாடல்களைத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று வெளியிட்டார். இன வன்செயலின் நெருப்பு எரிந்துகொண்டிருந்தபோது ‘இனிப்படமாட்டேன்’. 1984இல் காலமானார்.

இந்த வரிசையில் நான் கவனிப்பது ஒன்றுதான். சி.வி. ஒவ்வொரு முறையும் கருவியை மாற்றினார். கவிதை, சித்திரம், தொடர்கதை, தொகுப்பு. மொழியைக்கூட மாற்றினார். ஒரு புத்தகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற அவதி அவரிடம் இல்லை; ‘வீடற்றவன்’ தோட்டத்தில் சங்கம் அமைக்கப் போய் வேலையையும் காம்பராவையும் இழக்கும் ஒருவனை மட்டும் பின்தொடர்கிறது. தொழிற்சங்கத்தில் நாள் முழுக்க இருந்தவருக்கு எழுதத் தகுந்த ஆட்கள் தீர்ந்துபோகவில்லை. மலையகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாவல் எழுதியவர் என்று முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையதாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

வெளியிலிருந்து வந்து எழுதியவர்களின் கதை வேறு. நந்தி மருத்துவர், சதாசிவமும் மருத்துவர், டேவிட் ஆசிரியர். மூவரும் வடக்கிலிருந்து உத்தியோகம் பார்க்க மலைக்கு வந்தவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் பாடசாலையிலும் கண்டதை மனம் பொறுக்காமல் எழுதினார்கள். இடமாற்றம் கிடைத்ததும் அவர்களுடைய அடுத்த எழுத்து இயல்பாகவே வேறு மண்ணுக்குப் போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாவல்கள் இல்லாவிட்டால் 60களிலும் 70களிலும் நம் அலுமாரி பாதி காலியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ‘அடுத்து என்ன’ என்ற கேள்வியை அவர்கள் இங்கே நின்று சந்திக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே நின்று சந்தித்தவர் தெளிவத்தை ஜோசப். பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தார். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்து அந்தப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 60களில் வீரகேசரி மலையக எழுத்தாளர்களுக்கென நடத்திய சிறுகதைப் போட்டிகள் ஒரு தலைமுறையையே எழுத வைத்தன. பரிசுக் கதைகள் ‘கதைக்கனிகள்’ என்று 1971இல் தொகுப்பாக வந்தன. எஸ்.எம்.கார்மேகம் அந்தப் பத்திரிகைக்குள் இருந்துகொண்டு செய்த வேலை அது. ஜோசப் அந்த அலையில் மேலே வந்தவர். ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. அந்தக் காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர் நாவல் பத்திரிகை ஏஜன்டுமார் வழியாகத் தோட்டத்துக் கடைவரை போய்ச் சேர்ந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, உள்ளூர்ப் பிரசுரம் படுத்தது. இரண்டாவது நாவல்கள் வராமல் போனதற்கு இந்தக் கதவுக்கும் பங்குண்டு.

ஜோசப்பின் அடுத்த நூல் ‘நாமிருக்கும் நாடே’, 1979. சிறுகதைகள். அப்புறம் கொழும்பு வாழ்க்கை, ஒரு நிறுவனத்தில் கணக்காளர் வேலை. எழுத்து நிற்கவில்லை, ஆனால் இன்னொரு தோட்ட நாவல் வரவில்லை. வந்தது ‘குடை நிழல்’. தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத நாவல் என்றே அதைச் சொல்லலாம். கொழும்பில் குடியிருக்கும் தமிழன் ஒருவனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வீட்டில் மனைவி, பிள்ளைகள், வாடகை, அக்கம்பக்கம். அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஒரு குடும்பஸ்தன் எப்படி நடுங்கினான் என்பதைப் பெரிய சத்தம் போடாமல் சொல்லிவிடுகிறது. 1974இல் வந்த முதல் நாவலுக்கும் இது நூலானதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

என் மதிப்பீட்டில் இரண்டில் சிறந்தது ‘குடை நிழல்’தான். முதல் நாவலில் ஆசிரியர் ஒரு சமூகத்துக்கு வக்கீலாக நிற்கிறார். இதில் ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் மலையக நாவல் பற்றிப் பேசும் மேடைகளில் முதல் நாவலுக்குக் கிடைக்கும் இடம் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை. கொழும்பில் நடக்கும் கதை எப்படி மலையகக் கதையாகும் என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களின் கதையை வேறு எந்தப் பெயரில் அழைப்பதாம்? 2013இல் ஜோசப்புக்குத் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோதுதான் அந்த நாவலைப் பலரும் எடுத்துப் படித்தார்கள். 2022 அக்டோபரில் அவர் மறைந்தார்.

அதற்கு முன்பே அவர் இன்னொரு பாதையிலும் நடந்திருந்தார். துரைவி பதிப்பகத்தின் துரை விஸ்வநாதன் கேட்க, மலையகச் சிறுகதைகளைத் தொகுத்துக்கொடுத்தார். 2000இல் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ எழுதினார். நாவலாசிரியர் வரலாற்றாசிரியராவது மலையகத்தில் அடிக்கடி நடக்கும். சாரல்நாடன் கதைகள் எழுதத் தொடங்கியவர், தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர், கடைசியில் கோ.நடேசய்யர் பற்றியும் சி.வி. பற்றியும் அவர் எழுதிய ஆய்வு நூல்களால்தான் நினைக்கப்படுகிறார். யாரும் எழுதிவைக்காத வரலாறு கண்முன் அழிந்துகொண்டிருக்கும்போது கற்பனை செய்துகொண்டிருக்க மனம் வருவதில்லை. பழைய துண்டுப் பிரசுரத்தை யாராவது ஒருவர் பொறுக்கி வைக்க வேண்டுமே. பொறுக்கியவர்களை நான் வணங்குகிறேன். இழப்பு நாவலுக்குத்தான்.

ஆனால் அந்த வேலை இன்று பெருமளவு நடந்துவிட்டது. மு.நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’ 2014இல் க்ரியா வெளியீடாக வந்தபோது, 1869இல் அச்சான ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’வரை நம் எழுத்தின் தடம் பின்னோக்கிப் போனது. நூலகம் நிறுவனத்தின் இணையத் திரட்டில் பழைய மலையக நூல்களும் சஞ்சிகைகளும் கிடைக்கின்றன. 2023இல் மலையகத்துக்கு 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் போனார்கள். கட்டுரைகளும் மலர்களும் குவிந்தன. மு.சிவலிங்கத்தின் ‘பஞ்சம் பிழைக்க வந்த சீமை’, மாத்தளை சோமுவின் ‘கண்டிச் சீமை’ என்று வந்துசேர்ந்த காலத்தை எடுத்துக்கொண்ட நாவல்களும் இருக்கின்றன. இனி நாவலாசிரியர் சரித்திரத்தை ஒட்டுமொத்தமாகச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தச் சுமையை இறக்கிவைக்க அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அவர்தான் இன்னும் இறக்கவில்லை.

இந்த இடத்தில் கோவில்பட்டிப் பக்கத்து நாவலாசிரியர் பூமணியைப் பார்ப்பது உதவும். 1979இல் ‘பிறகு’, 1982இல் ‘வெக்கை’. பின்னதில் கதை என்று பார்த்தால் கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டில் ஒளிந்து திரியும் ஒரு பையனின் சில நாட்கள், அவ்வளவுதான். அதன் பிறகு வேறு நாவல்கள், சிறுகதைகள். தன் வட்டாரத்தின் நூறாண்டு சரித்திரத்தை ஆயிரம் பக்க ‘அஞ்ஞாடி’யாக எழுதியது 2012இல். அதாவது சிறிதிலிருந்து பெரிதுக்குப் போனார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். ‘அஞ்ஞாடி’யை முதலில் எழுதிவிட்டு ‘வெக்கை’க்குப் பொருள் தேடுகிறோம். வீட்டில் இருக்கும் அரிசியையெல்லாம் முதல் நாளே உலையில் போட்டுவிட்டு மறுநாள் பானையைப் பார்ப்பது போலத்தான் இது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் 1952இல் ஒரு நாவல் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். அதில் தன் இனத்தின் அனுபவம் முழுவதையும் அடைத்துவிட்டதாக உலகம் கொண்டாடியது. 1994இல் சாகும்வரை இரண்டாவது நாவலை எழுதிக்கொண்டே இருந்தார், முடிக்கவில்லை. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி ‘ஒரு புளியமரத்தின் கதை’க்குப் பிறகு பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டு, 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ என்று ஆளையும் வடிவத்தையும் அடியோடு மாற்றினார். மலேசியாவில் அ.ரெங்கசாமி ரப்பர்த் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குப் போனார். இடைவெளி எடுப்பதில் தப்பில்லை. எங்கே திரும்புகிறோம் என்பதுதான் கேள்வி.

பெண்கள் எழுதியதில் இந்தத் திருப்பம் வேறு மாதிரித் தெரிகிறது. கோகிலம் சுப்பையா ‘தூரத்துப் பச்சை’க்கு நாற்பதாண்டு கழித்து அதே நாவலைத் தானே ஆங்கிலத்தில் எழுதி 2006இல் வெளியிட்டார். முதல் புத்தகத்தை இன்னொரு வாசகக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதையே அவர் அடுத்த வேலையாக எடுத்துக்கொண்டார். பிரமிளா பிரதீபன் நேர் எதிர்த் திசை. சிறுகதைகளில் கை பழகிவிட்டு 2017இல் ‘கட்டுபொல்’ எழுதினார். கட்டுபொல் என்பது எண்ணெய்ப்பனை. தேயிலையும் ரப்பரும் இருந்த தோட்டங்களில் கம்பனிகள் அதை நட்டன. முள் நிறைந்த அந்தக் குலையைச் சுமக்கும் தொழிலாளரைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தவர் அவர். நாவல் வந்து நாலு ஆண்டில், 2021 ஏப்ரலில், அரசாங்கம் எண்ணெய்ப்பனைச் செய்கையைத் தடை செய்தது. தோட்டம் என்றால் தேயிலை, தேயிலை என்றால் கொழுந்துக் கூடை என்ற பழைய படத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தாலே எவ்வளவு புதிய நிலம் கிடைக்கிறது என்பதற்கு இந்த ஒரு நூல் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வேடிக்கையானது. தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலில் சங்கம் கட்டிய கோ.நடேசய்யர், துரைமாரை நடுங்கவைத்த பத்திரிகையாளர், 1924இல் வெளியிட்ட நாவல் எது தெரியுமா? ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’. ஆங்கிலக் கதையைத் தழுவிய துப்பறியும் கதை! மலையக எழுத்தின் மூதாதை ஒரு மர்மக் கதையில் சந்தோஷமாக இறங்கியிருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகளான நாமோ சோகத்தைத் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது என்று நாமே விதி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தொழிற்சாலையில் இரவு சாக்கு மாறிப்போவதை வைத்து ஒரு நல்ல துப்பறியும் நாவலை டீமேக்கர் ஒருவர் எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

சரி, நானுஓயாவில் இருக்கும் ஒருவர் முதல் நாவலைப் போட்டாயிற்று. அடுத்து எதை எழுதலாம்? ஊரைச் சுற்றிப் பார்த்தாலே போதும்.

1885இல் நாவலப்பிட்டியிலிருந்து மலையேறி வந்த ரயில் பாதை நானுஓயாவரை எட்டியது. தேயிலைப் பெட்டி இறங்கவும் துரைமார் நுவரெலியாவுக்கு ஏறவும் போட்ட பாதை. இங்கிருந்து நுவரெலியா, கந்தப்பொளை வழியாக ராகலைக்கு ஒரு குறுகிய பாதை 1900களின் தொடக்கத்தில் போடப்பட்டு 1940களில் மூடப்பட்டது. அந்தச் சின்ன ரயிலில் வேலை பார்த்தவர்கள், பாதை மூடியதும் எங்கே போனார்கள்? அந்த ரயிலில் இருபது வருடம் ஓடிப்போன ஒரு வாழ்க்கையில் ஒரு நாவல் தாராளமாக உட்காரும். தலைமன்னார்க் கப்பல்வரை போக வேண்டியதில்லை.

2025 டித்வா புயலுக்கு முந்திய ஸ்டேசனை நினைத்துப் பாருங்கள். எல்ல போகும் ரயிலுக்காக வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகுப்பையோடு மேடையை நிறைத்து நிற்பார்கள். ஜன்னலில் தொங்கிப் படம் எடுப்பதற்கென்றே உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தார்கள். தீபாவளி முடிந்த ராத்திரியில் அதே மேடைக்குப் போனால் வேறு கூட்டம். கொழும்புக்குத் திரும்பும் பையன்கள். புறக்கோட்டைக் கடையிலும் ஹோட்டல் அடுப்படியிலும் சலூனிலும் நிற்பவர்கள். புதுச் சட்டை, காதில் கம்பி, கையில் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குப் பை. டிக்கட்டுக்கு முண்டியடித்து, நிற்க இடம் கிடைத்தால் போதும் என்று மெயில் ரயிலில் ஏறுவார்கள். அவர்கள் தோட்டத்தில் பேசுவது ஒரு பேச்சு, கடையில் முதலாளியோடு பேசுவது இன்னொன்று, சக வேலையாளோடு சிங்களத்தில் வேறொன்று. மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் புகுந்து விளையாடும். இந்தப் பையனை மையமாக வைத்த நாவல் எனக்கு இன்னும் போதுமான அளவு கிடைக்கவில்லை. கொழுந்து பறிக்கும் அவனுடைய அம்மாவை எழுதியிருக்கிறோம், அப்பாவின் சாராயப் போத்தலை எழுதியிருக்கிறோம், அவனை எழுதவில்லை. ‘குடை நிழல்’ எழுதிய ஜோசப் அவனுக்கு ஒரு தலைமுறை முன்னோடி.

மரக்கறி இருக்கிறது. லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு, ஆற்றோரம் ஒரு துண்டு, குத்தகைக்கு இன்னொன்று. மலைக்குப் போய் பேர் போட்டுவிட்டு வந்து அந்தியில் மண்வெட்டி எடுப்பவர்கள் ஏராளம். 2021இல் அரசாங்கம் ஒரே நாளில் இரசாயனப் பசளையை நிறுத்தியது; நவம்பரில் பின்வாங்கியது. இடையில் ஒரு போகம் போய்விட்டது. அடுத்த வருடம் நாடே வங்குரோத்தாகி எரிபொருள் வரிசையில் நின்றது. இலை மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டு, அடகுக்கடையில் தோட்டை வைத்துவிட்டு, லொறிக்கு டீசல் வருமா என்று காத்திருந்த ஒரு குடும்பத்தின் ஆறு மாதம். தொடக்கமும் நடுவும் முடிவும் தானாகவே அமைந்து கிடக்கிறது. எழுதுகிறவர் சேர்க்க வேண்டியது ஆட்களை மட்டும்தான்.

கீழே போனால் தலவாக்கலை. நானுஓயா ஆறு சேரும் கொத்மலை ஓயாவை மறித்து மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவாட். அணைக்காகக் குடும்பங்கள் இடம் மாறின, சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்கு அளந்து தண்ணீர் விடுகிறார்கள். எதிர்த்து ஊர்வலம் போனவர்களும், திட்டத்தில் வேலை கிடைத்தவர்களும் ஒரே குடும்பத்தில் இருந்தார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. நாவலாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏழு பேர்ச்சில் தனி வீடு கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் யாரும் நிதானமாக எழுதவில்லை. லயத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்தால் பன்னிரண்டு காம்பராவின் செய்தியும் காதுக்கு வந்துவிடும். சண்டையும் வரும், குழந்தை பிறந்தால் வெந்நீரும் வரும். தனி வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். யாருடைய பெயரில் வீடு, உறுதி எப்போது கையில் வரும், தோட்டத்தில் வேலை செய்யாத மகனுக்கு உரிமை உண்டா, பீலித் தண்ணீருக்கு எந்த வரிசை? அவ்வளவு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. மண்ணும் சும்மா இருக்கவில்லை. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் கிழித்துப் போட்டது; ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. சரிவில் கட்டிய வீட்டில் மழை ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பது இன்று எங்கள் பகுதியில் பொது அனுபவம். இதை வெறும் அழிவுக் காட்சியாக எழுதிவிடும் ஆபத்து உண்டு. எச்சரிக்கை வந்து பாடசாலையில் தங்கவைக்கப்பட்ட அந்த நாலு நாட்களில் அடுத்தடுத்த பாயில் படுத்திருந்த இரண்டு பழைய எதிரிகளின் கதையாக எழுதினால் விஷயமே வேறு.

வன்னிக்குப் போனவர்களையும் மறக்கக்கூடாது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள், முப்பது ஆண்டு கழித்துப் போரின் கடைசி நாட்களில் அங்கேயும் நடுவில் அகப்பட்டார்கள். மாத்தளை சோமுவின் ‘எல்லை தாண்டா அகதிகள்’ அந்தப் பக்கம் தலை காட்டியது. இன்னும் நாலைந்து நாவலுக்கு அங்கே இடமிருக்கிறது. ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்களின் கதை தனி. அதை அங்கே இருப்பவர்கள் எழுதுவதே பொருத்தம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலையகத்தில் நாவல் பெரும்பாலும் எழுதியவரின் காசில் அச்சாகிறது. ஐந்நூறு பிரதி என்றாலே பெரிய அச்சு. கொடகே போன்ற பதிப்பகங்கள் தமிழ் நூல்களையும் எடுத்துப் போடுகின்றன. அது பெரிய ஆறுதல். ஆனால் எங்கும் இல்லாதது கைப்பிரதியை உட்கார்ந்து வாசித்து, இந்த அத்தியாயம் வேண்டாம், இந்த ஆள் பாதியில் காணாமல் போகிறார் என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆள். முதல் நாவலில் எல்லாவற்றையும் திணித்தவரை யாராவது தடுத்திருந்தால், வெட்டி எடுத்த பகுதியிலிருந்தே இரண்டாவது நாவல் முளைத்திருக்கும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் ஆண்டுதோறும் பயிற்சி முடிக்கும் ஆசிரியர்களில் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நல்ல வாசகர் இரண்டு பேரைப் பிடித்துக் கைப்பிரதியைக் கொடுப்பதற்குச் செலவு, நகல் எடுக்கும் காசு மட்டும்தான்.

ஆகவே முதல் நாவலை முடித்துவிட்டு அடுத்ததுக்கு யோசித்துக்கொண்டிருக்கும் என் சக எழுத்தாளருக்குச் சொல்ல விரும்புவது இதுதான். இருநூறு ஆண்டைத் தொடாதீர்கள். ஒரு போகத்தை எடுங்கள், ஒரு லயத்தை எடுங்கள், ஒரு தொழிலை எடுங்கள். உங்கள் முதல் நாவலில் ஒரு வரியோடு வந்துபோன ஆளைத் தேடிப் பிடியுங்கள். அநேகமாக அவர் கொழும்புக்குப் போனவராகவோ குவைத்துக்குப் போனவளாகவோ இருப்பார். எழுதி முடித்ததும் அச்சகத்துக்கு ஓடாமல், உங்களைப் புகழ மாட்டார் என்று தெரிந்த ஒருவரிடம் கைப்பிரதியைக் கொடுத்து மூன்று மாதம் பொறுங்கள். அவர் கோடு போட்டுத் திருப்பித் தரும் பக்கங்களைத் தூக்கி எறிய வேண்டாம். மூன்றாவது நாவலுக்கு அவை தேவைப்படும்.